இடது காதுப் பக்கம்

“அங்கிள், உங்கட தலையை ஒரு மணித்தியாலத்துக்குத் தருவியளோ?”

காலேஜ் தாழ்வாரத்து வாங்கில் கோப்பியோடு உட்கார்ந்திருந்த குலசிங்கம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எதிரே ஒரு இளம்பெண். கழுத்து அட்டையில் ‘நிரோஷினி, விரிவுரையாளர்’ என்று இருந்தது.

“தலையையோ?”

“முடி வெட்டத்தான், அங்கிள். ஹைஸ்கூலிலை படிக்கிற ஆக்கள் இஞ்ச காலேஜுக்கு வந்து ஹெயார் ஸ்ரைலிங் படிக்கினம். பாஸ் பண்ணினா ஹைஸ்கூலுக்கும் கிறெடிட், காலேஜுக்கும் கிறெடிட். இண்டைக்குக் கடைசிச் சோதனை. ஒராளுக்கு வெட்ட வேண்டிய தலை அஜக்ஸ் ரோட்டிலை ஸ்னோவுக்கை மாட்டுப்பட்டு நிக்குது.”

“வெட்டாட்டி?”

“இந்தக் கிறெடிட் இல்லை. ஹைஸ்கூல் டிப்ளோமாவும் இல்லை. நீங்கள் பிள்ளையை ஏத்த வந்தனியளோ?”

“என்ர பிள்ளையள் படிச்சு முடிச்சு வேலைக்கும் போட்டினம்.”

“அப்பச் சரி, வாங்கோ!” என்று அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே பதினேழு, பதினெட்டு வயதுப் பட்டாளம் ஒன்று கத்தரிக்கோலும் கையுமாக நின்றது. நிரோஷினி கடைசி நாற்காலியைக் காட்டினாள். “ராஜி, இந்தா தலை கிடைச்சிட்டுது. அங்கிள், இஞ்ச ஒரு சட்டம். சொந்தக்காரரின்ர தலையிலை சோதனை செய்யேலாது. அவை எப்பிடி வெட்டினாலும் வடிவெண்டு பொய் சொல்லுவினம். கடைசியா உங்களிட்டையும் அபிப்பிராயம் கேப்பன். அதுக்கும் மாக்ஸ் இருக்கு.”

குலசிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்ற மாணவியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“தலையைக் குனியுங்கோ... அங்கிள்,” என்றாள் மாணவி.

“பயப்பிடாதை பிள்ளை. இந்தத் தலை கனக்கப் பார்த்திட்டுது.”

கத்தரிக்கோல் மெல்ல ஓடத் தொடங்கியது. மேற்பார்வைக்காகப் பக்கத்தில் நின்ற நிரோஷினி, “வழமையா எங்கை வெட்டுறனியள்?” என்று பேச்சுக் கொடுத்தாள்.

“முந்தி என்ர மனுசிதான். கனடாவுக்கு வந்த புதுசு. ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மென்ற். ஞாயிற்றுக்கிழமையிலை பால் பெட்டியைக் கவிட்டு என்னை இருத்தி, கழுத்திலை கட்டில் விரிப்பைச் சுத்திப்போட்டு வெட்டுவா. பிள்ளையள் சுத்தி நிண்டு சிரிக்குங்கள். ஒவ்வொரு முறையும் இடது காதுப் பக்கம் மேலை ஏறிப்போகும்!”

பக்கத்து நாற்காலியில் வெட்டிக்கொண்டிருந்த அபிஷன் சிரித்தான். மாணவியின் சீப்பு ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“எப்பிடிச் சொல்லுறது? ஊரிலை நடந்த சண்டை அவவைப் பள்ளிக்கூடம் முடிக்க விடேல்லை. இஞ்ச வந்து ரெண்டு வேலை. அவ்வளவு களைப்போடையும் கண்ணாடியைப் பிடிச்சு, எப்பிடி எண்டு ஆசையாக் கேப்பா. வடிவெண்டு சொல்லிப்போட்டு, அடுத்த நாள் தொப்பியோட வேலைக்குப் போவன். அப்பிடிப் பழகினதுதான் இந்தத் தொப்பி. அந்த ஞாயிற்றுக்கிழமையள் திரும்பி வராதோ எண்டு இருக்கும்.”

“இப்ப?”

“இப்ப அவ வெட்டுறேல்லை. கடையிலைதான்.”

“சொறி, அங்கிள்,” என்றாள் நிரோஷினி, தலையைக் குனிந்து. அவருக்குப் பின்னால் மாணவிக்குப் பலமாக இருமல் வந்தது.

வெட்டி முடிந்தது. மாணவி கண்ணாடியைப் பிடித்தாள்.

“சொல்லுங்கோ அங்கிள். நீங்கள் வேற்று ஆள்தானே. மறைக்கத் தேவையில்லை,” என்றாள் நிரோஷினி.

குலசிங்கம் பார்த்தார். நேர்த்தியான வேலைதான். ஆனால் அதே இடம். வடிவென்று சொல்ல நாக்கு துடித்தது. மாணவியின் கண்கள் கண்ணாடிக்குள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்தச் சோதனைக்காக இவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள்? இதில் போய்ப் பொய் சொல்வதா?

“இடது காதுப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு, பிள்ளை.”

மாணவி விறைத்துப் போனாள். கன்னம் சிவந்தது. பிறகு மூச்சை இழுத்து விட்டு, குனிந்து இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள். வலது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

நிரோஷினி சுற்றிவந்து பார்த்தாள். “பிழை எல்லாருக்கும் வரும். சொன்ன உடனை திருத்தத் தெரியவேணும். ராஜி, பாஸ்! ஹைஸ்கூலும் முடிஞ்சுது!” ஐபாட்டில் மாக்ஸைப் போட்டுவிட்டு வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்: “பாத்தியளோ? இந்த உண்மையை வேற்று ஆள்தான் சொல்லும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கலங்கிய கண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று குலசிங்கம் விறுவிறுவென்று கதவடிக்குப் போய்விட்டார்.

“இஞ்சேருங்கோ! தொப்பி!” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் மாணவி.

“என்னப்பா?” என்று திரும்பிய பிறகுதான் குலசிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நிரோஷினி அவரைப் பார்த்தாள். பிறகு, அந்தச் சின்னப் பட்டாளத்தின் நடுவே, வளர்ந்தோருக்கான ஹைஸ்கூலிலிருந்து வந்து, நரைத்த கொண்டையும் கையில் தொப்பியுமாக நின்ற தன் மாணவியைப் பார்த்தாள்.

“என்ர அம்மாவும் அப்பாவை இப்பிடித்தான் கூப்பிடுறவ, அன்ரி,” என்று சொல்லிவிட்டு, போட்ட மாக்ஸை அழிக்காமலே ஐபாட்டை மூடினாள்.