பாதையை விட்டு இறங்கியவர்

படகிலிருந்து இறங்கும்போதே அந்தப் பெண்மணி பையை என்னிடம் தர மறுத்துவிட்டார்.

எழுபது தாண்டியவர்கள் முதலில் பையைத்தான் நீட்டுவார்கள், அப்புறம்தான் கையை. இவரோ பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறித் துறையில் கால் வைத்தார்.

கரையில் நின்ற உனாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

உனா இந்தத் தீவின் காவலாளி. குடியிருந்தவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். இப்போது இது பறவைகளுக்கு. கோடையில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களைப் பெரிய தீவிலிருந்து ஏற்றி வருவது என் பிழைப்பு.

போன வருடம் ஒரு ஜோடி வந்தது. பார்த்தால் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிற முகம். ஆலாப் பறவையின் முட்டைகளைக் கம்பளிக் காலுறைக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அலமாரியில் அடுக்கி அழகு பார்க்க. நாசமாய்ப் போகிறவர்கள். இன்னொரு முறை முட்டை போனால் வேலையும் போகும் என்று உனாவிடம் மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதிலிருந்து அவளுக்கு யாரைப் பார்த்தாலும் திருடர்தான். என்னையே ஒருநாள் சட்டைப் பையைக் காட்டச் சொன்னாள், படுபாவி.

மற்றவர்கள் பாதையோடு மேட்டுக்கு ஏறினார்கள். தரையெல்லாம் முட்டை கிடக்கிற மாதம். பாதையை விட்டு இறங்கக் கூடாது. வேலைக்கு வந்த முதல் கோடையில் உனா தன் கையாலேயே போட்ட பாதை அது. அதைத் தாண்டினால் அவளுக்குப் பொறுக்காது.

பெண்மணி தாண்டினார்.

இடிந்த வீடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலோரச் சரிவுக்கு நேராகப் போனார். ஆலாக்கள் கத்திக்கொண்டு அவர் தலையைக் கொத்தின. அவர் குனிந்து குனிந்து புல்லை விலக்கித் தேடிக்கொண்டே இருந்தார்.

பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று உனா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

நாங்கள் போனபோது அவர் மண்டியிட்டிருந்தார். மடியில் ஒரு கம்பளிச் சுருட்டு. நடுவில் முட்டை அளவுக்குப் புடைப்பு.

"எடுத்தத எடுத்த எடத்துலயே வச்சிருங்கம்மா," என்றாள் உனா.

"அதுக்குத்தாம்மா வந்திருக்கேன்," என்றார் அவர்.

சுருட்டைப் பிரித்தார். முட்டை இல்லை. ஒரு வெள்ளைக் கல்.

பெயர் பெய்கி என்றார். இங்கேதான் பிறந்தாராம். அவருக்கு முன்னால் ஓர் அண்ணன், மூச்சில்லாமல் பிறந்தவன். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, பெயரும் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளை அப்பன்மார் இந்தச் சரிவில் புதைத்து, தலைமாட்டில் ஒரு வெள்ளைக் கல் வைப்பார்களாம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இங்கே கிடந்தன.

தீவைக் காலி செய்த அன்று அவர் அம்மா மனசு கேட்காமல் மகனுடைய கல்லைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். பிள்ளையை அடையாளம் இல்லாமல் விட்டுவிட்டு வந்தேனே என்று சாகும்வரை அழுதாராம். கடல் பக்கம் கடைசி வரிசை, பிளந்த கல்லுக்கும் குட்டைக் கல்லுக்கும் நடுவே என்று பெய்கியிடம் சொல்லி வைத்திருந்தார்.

"மத்த கல்லுங்க இருந்தாத்தானே எங்கண்ணன் எடம் தெரியும்? ஒண்ணக்கூடக் காணமே. யாரும்மா எடுத்தது?"

உனா மெல்லத் திரும்பி மேட்டுப் பக்கம் பார்த்தாள்.

மேட்டிலிருந்து மற்றவர்கள் படகுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் வழி தவறவில்லை. உனா இருபுறமும் வரிசையாகப் பதித்து வைத்திருந்த வெள்ளைக் கற்களுக்கு நடுவே, துறை வரைக்கும், ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்கள்.