நிவேதா சொன்ன சேதி

“இன்னிக்கி நிவேதா இன்னா சொன்னா மாமா?”

ஸ்கேன் அறை வாசலில், கணவன் கோபால்சாமியின் கழுத்திலிருந்து வெள்ளித் தாயத்தைக் கழற்றியபடியே ஈஸ்வரி கேட்டாள். நாள் தவறாமல் கேட்கிற கேள்விதான்.

“பலா மரத்துல பிஞ்சு வுட்டுருக்காம். ‘அம்மா கொழம்புக்குப் பறிச்சுடப் போவுது, எனக்குப் பழமா வேணும்’னா.”

“அதையும் உங்கிட்டதான் சொல்லணுமா? எங்கிட்ட ஒரு வார்த்த பேசறாளா பாரு! அப்பனும் பொண்ணும் நல்ல கூட்டு!”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவளுக்குக் கண் கலங்கியது. மகள் குரலைக் கேட்க அவள் ஏங்காத நாளில்லை.

“உன்னயும் கேட்டா ஈஸ்வரி. சாப்புடுதா, இல்ல பட்டினி கெடக்குதான்னு.”

அதற்குள் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மலைமேலிருக்கும் புதூர்நாட்டிலிருந்து விடியற்காலை ஜீப்பில் தொற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். அவனுக்கு மூளையில் கட்டி. ‘கரண்ட்’ என்று அவர்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து நான்கு மாதமாகிறது. போன ஸ்கேனில் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்ததிலிருந்து ஈஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு எடுப்பது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன். ரத்தம் ஓடினால் கட்டி உயிரோடிருக்கிறது என்று அர்த்தம்.

சாயங்காலம் டாக்டர் படத்தைக் காட்டிச் சிரித்தார். “ரத்த ஓட்டமே இல்லம்மா. கட்டி செத்துப்போச்சு. வெறும் வீக்கத்தைப் பார்த்துப் பயந்திருக்கோம்.”

ஈஸ்வரியின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அங்கேயே நின்று குலதெய்வத்தைக் கும்பிட்டாள்.

டாக்டர் கோபால்சாமி பக்கம் திரும்பினார். “கட்டியால கண்ணுக்கு உருவம் தெரியுது, பேசுதுன்னு சொன்னீங்களே, இப்பவும் வருதா?”

அவன் மனைவியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். “கரண்டு வெச்சு முடிச்ச வாரமே நின்னுபோச்சுங்க.”

ஈஸ்வரி அவனையே பார்த்தாள். நான்கு மாதமாகவா? அப்படியானால் காலையில் சொன்ன பலாப் பிஞ்சு?

திருப்பத்தூர் பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள். உட்கார்ந்ததும் தாயத்தை எடுத்து மறுபடி அவன் கழுத்தில் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“வேற இன்னா சொன்னா மாமா?”

நிவேதாவை அந்தப் பலா மரத்தடியில் புதைத்து மூன்று வருடமாகிறது.