எழும்பாத கை

பள்ளிக் கண்காட்சியில் மகள் பொத்தானை அழுத்தினாள். பந்தைத் தூக்க வேண்டிய இயந்திரக் கை லேசாக நடுங்கிவிட்டு அப்படியே கிடந்தது. நடுவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

"வீட்லயே ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் இருக்கா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவே?" அப்பா கடுகடுத்தார்.

அம்மா குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான் தப்பு?" அப்பா விடவில்லை.

மகள் லேப்டாப் திரையையே பார்த்தாள். "புரோகிராம்ல சைன் கணக்குப் போடணும்னா கோணத்தை டிகிரியிலேருந்து ரேடியனா மாத்திக் கொடுக்கணும்ப்பா. மாத்தினதையே இன்னொரு தடவை மாத்திட்டேன். கோணம் ஒண்ணுமில்லாமப் போயிடுச்சு."

"அறிவு எங்க போச்சு? இத்தனை பேர் முன்னாடி மானம் போகுது!"

"சாரிப்பா."

அவர் காரை எடுக்கப் போனார். சுருட்டி முடித்த ஒயரை அம்மா பிரித்து மறுபடி சுருட்டினாள்.

"நேத்து நல்லாத்தான் தூக்குச்சும்மா," என்றாள் மகள். "காலையில நான் குளிக்கப் போனப்பதானே நீ புரோகிராமை மாத்தினே?"

அம்மா ஆமென்று தலையாட்டினாள்.

"ரேடியனா மாத்தணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நினைச்சிட்டே. அடுத்த வரியிலேயே நான் மாத்தியிருந்தேன்."

"அப்பாகிட்ட நான் சொல்லிடறேன்டி..."

"வேணாம். அடுத்த தடவை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடும்மா."