வலப்பக்கம் மேலே

மண்ணரை பனியன் கம்பெனியின் கட்டிங் மேசைமேல் முற்பகல் வெயிலில் நாற்பது வெள்ளைக் கிமோனோக்கள் கிடக்கின்றன. ஜப்பான் மணப்பெண்களுக்காகப் பனியன் துணியில் தைத்த புது மாதிரி. எல்லாவற்றிலும் மார்பின் வலப்பக்கம் இடப்பக்கத்தின்மேல் ஏறும்படி தைத்திருக்கிறது. சரக்கு வாங்க ஜப்பானிலிருந்து வந்தவர் ஒன்றை விரிக்கிறார். விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. தையல் மெஷின்களும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. மேசையோரம் மாரக்காள் நிற்கிறாள். அவள் குடும்பத்தில் முதல் பி.ஏ. அவள்தான்; இங்கே இங்கிலீஷ் கடிதம் படிக்கும் வேலை. வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது அங்கே பிணத்துக்கு மட்டும் என்று ஜப்பானிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் செவ்வாய்க்கிழமையே, துணி வெட்டும் முன்பே சொன்னாள். "பொம்பளைத் துணிக்கு வலதுதான் கண்ணு மேல வரும். முப்பது வருசமாத் தைக்கற எனக்கே பாடமா?" என்று அன்றைக்குச் சிரித்த டெய்லர் மாஸ்டர் கந்தப்பன், இப்போது துடைத்த கத்தரிக்கோலையே மறுபடி துடைக்கிறார்.

முதலாளி ரத்தினசாமி அவள் பக்கம் சாய்கிறார். "கடுதாசியத் தப்பாப் படிச்சது நீதான்னு அவருகிட்ட இங்கிலீசுல சொல்லிரு கண்ணு. மாஸ்டர் வயசானவரு பாரு."

"சொல்றனுங்க."

சொல்கிறாள். தான் சரியாகப் படித்ததையும், யார் சிரித்தார் என்பதையும், இப்போது எந்தப் பொய்யைச் சொல்லச் சொல்கிறார்கள் என்பதையும் நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொல்கிறாள். இங்கிலீஷ் தெரியாத ரத்தினசாமி ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டுகிறார். ஜப்பான்காரர் மாரக்காளைப் பார்த்து இடுப்புவரை குனிந்து நிமிர்கிறார்.

"பாத்தியா, உன்னைய மன்னிச்சுட்டாரு."

மாரக்காள் தையல்காரர்கள் பக்கம் திரும்பி, சொன்ன அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து, தமிழில் சொல்லத் தொடங்குகிறாள்.