திறக்காத லேப்டாப்

கணினி நிபுணர் அம்மா நான்காவது தடவையாக லேப்டாப்பில் பாஸ்வேர்டைத் தட்டினார். தவறு என்று காட்டியது திரை.

“சரியாத்தான் அடிக்கிறேன், சார்.”

“காலையிலேர்ந்து இதையேதானம்மா சொல்றீங்க!” என்று அலுத்துக்கொண்டார், மேஜைக்குப் பின்னாலிருந்த பெரியவர்.

பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைத் திறக்க இவ்வளவு பாடா? ஐந்தாவது தடவையும் தவறியபோது அவனால் பொறுக்க முடியவில்லை.

“ஐயோ மேடம், அதுல ஒன்பதாம் நம்பர் கீ லேசுல விழாது! அதோட இடது ஓரத்துல நல்லா அழுத்துங்க!”

அழுத்தினார். திறந்துகொண்டது. போதை மாத்திரை விற்ற இணையக் கள்ளச்சந்தையின் ஆர்டர்கள் வரிசையாக விரிந்தன.

நீதிபதியான அந்தப் பெரியவர் குற்றவாளிக் கூண்டை நோக்கித் திரும்பினார்.

“ரொம்ப நன்றி. இந்த லேப்டாப்பைக் கண்ணால கூடப் பார்த்ததில்லைன்னு நேத்து முழுக்க சாதிச்சீங்களே?”

கூண்டிலிருந்தவன் தன் வக்கீலைப் பார்த்தான். அவர் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.