கரிக்கோடு

"பூட்டு என்னுது, சாவியும் என்னுது. சனிக்கிழமை காலையில நானே திறப்பேன் மேஸ்திரி. தண்ணி அந்தக் கரிக்கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா, உடைச்சு மறுபடி போட்டுக் குடுத்துட்டுத்தான் நீ ஊருக்குப் போவணும்."

ராமப்பன் குளியலறைக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கொத்தனார் சூசை தலையாட்டினார்.

ஓசூரில் அந்தத் தெருவிலேயே ஷவர் வைத்த முதல் குளியலறை அது. பெங்களூரில் மைத்துனர் வீட்டு ஷவரில் ஒருநாள் நனைந்துவிட்டு வந்த ராமப்பன், தன் வீட்டு மாடியிலும் அதேபோல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். போன வருடம் வேறொருவர் போட்ட தரை ஒழுகி, கீழறையில் அடுக்கியிருந்த ராகி மூட்டைக்குள்ளேயே முளை விட்டது. அன்றோடு கொத்தனார்கள் மேலிருந்த நம்பிக்கை அவருக்குப் போயிற்று.

சூசை பழைய தரையைப் பெயர்த்தெடுத்து, தண்ணீர் ஓட வாட்டம் பார்த்து, இரண்டு பூச்சு பூசி, டைல்ஸ் பதித்து, இடுக்குகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்திருந்தார். வியாழன் காலை, தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்தார். மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்தார். மூலையில் தன் இரும்புச் சட்டியிலும் தண்ணீர் ஊற்றி, உள்ளே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கரணையை ஊற வைத்தார். அது எதற்கு என்று ராமப்பன் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நாட்றாம்பாளையத்தில் சூசையின் மகள் அன்னமேரிக்குக் கல்யாணம். சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் அவர் கிளம்பியாக வேண்டும். தரையை உடைத்தால் மறுபடி போட்டு முடிக்கப் பத்து நாளாகும். ராமப்பனின் மனைவி முனிலட்சுமி இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"கல்யாணம் அவன் வீட்டுல. ஒழுவுறது என் வீட்டுல" என்று முடித்துவிட்டார் ராமப்பன்.

சனிக்கிழமை காலை சூசை சிலுவை போட்டுக்கொண்டு மாடியேறினார். முந்தின நாள் முழுக்க ஜூஜுவாடியில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு இரவுதான் திரும்பிய முனிலட்சுமி, கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய சேலையோடு பின்னால் வந்தாள். ராமப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

"இடுப்புக்கு என்னாச்சுங்க?"

"தூக்கத்துல பிடிச்சுக்கிச்சு."

கதவு திறந்தது. தண்ணீர் கரிக்கோட்டை அப்படியே தொட்டுக்கொண்டு நின்றது.

"மயிரிழை இறங்கல. நல்ல வேலை மேஸ்திரி, கிளம்பு" என்றார் ராமப்பன்.

சூசை நகரவில்லை. கரணையை எடுத்துவிட்டுச் சட்டிக்குள் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அய்யா, யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

தன்னைத்தான் சொல்கிறார் என்று முனிலட்சுமிக்குக் கோபம் வந்தது. கிணறே வற்றிக் கிடக்கிறது, குடிக்கவே தண்ணீர் இல்லை, இதில் தரைக்கு வேறு ஊற்றுவேனா என்று பொரிந்தாள்.

சூசை பொறுமையாகச் சொன்னார். சித்திரை வெயிலும் ஜன்னல் காற்றும் ஒழுகாத தரையிலும் கொஞ்சம் குடிக்கும். ஓட்டையே இல்லாத சட்டியில் ஒரு நெல் உயரம் குறைந்திருக்கிறது. தரையில் மட்டும் குறையவில்லை என்றால் அது ஊற்றிய தண்ணீர். ஊற்றும் முன் எவ்வளவு இறங்கியிருந்ததோ, யாருக்குத் தெரியும்?

"ஊத்துனா ஊத்திட்டுப் போறாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் ராமப்பன்.

"இப்பிடியே போனா கோயில்ல பொண்ணு பக்கத்துல நிக்கறப்ப எனக்கு மனசு ஒட்டாதுங்க. கீழறைக்குப் போயி மேல்தளத்தோட அடிப்பக்கத்தைத் தடவிப் பாத்துடறேன். ஈரம் இருந்தா இன்னைக்கே உடைச்சிடறேன். அன்னமேரியை அவ மாமன் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவட்டும்."

"கீழ எதுக்கு?" ராமப்பன் படியை மறித்துக்கொண்டு நின்றார். பிறகு, இடுப்பு வலியால் மறிக்க முடியாமல் உட்கார்ந்தார்.

சூசை அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கி, கீழறையில் ஏணி போட்டு ஏறினார். மேல்தளத்தில் மூலைக்கு மூலை தடவினார். பொட்டு ஈரம் இல்லை.

"சேசுவே, தோத்திரம்" என்று ஏணியிலேயே கும்பிட்டவர், குனிந்தபோதுதான் பார்த்தார். அறை காலியாக இருந்தது.

பின்னால் வந்த முனிலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க, பன்னெண்டு மூட்டை ராகியும் எங்க?"

ராமப்பன் படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"மாட்டுக் கொட்டாயில. நேத்து பாத்தேன், தண்ணி கோட்டுக்குக் கீழ நின்னுச்சு. ஒழுவுதுன்னு நெனச்சு மூட்டையெல்லாம் மாத்திட்டு, அரைக் குடம் ஊத்தி வெச்சேன். பின்ன என்ன மேஸ்திரி, அப்பன் இல்லாமயா அந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கும்?"