எட்டுச் சிப்பிகள்

கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த நிலையத்தில், தொட்டியில் வளரும் எட்டுச் சிப்பிகள் வைத்ததுதான் சட்டம். அவை வாய் திறந்திருந்தால் ஊருக்குத் தண்ணீர் போகும். நஞ்சு பட்டு மூடிக்கொண்டால், ஓடுகளில் ஒட்டிய உணரிகள் அதை அறிந்து குழாய்கள் தாமாகவே அடைபடும்.

நேற்று எட்டும் மூடிக்கொண்டன. இன்று விடியற்காலையில் எட்டும் திறந்தன. ஊருக்குத் தண்ணீரும் போய்விட்டது. தொட்டி கழுவ வந்த செலஸ்தீனாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. திறந்தவை அதற்குப்பின் அசையவே இல்லை.

"எனக்கு என்னமோ சரியாப் படல சார்."

"எட்டும் தொறந்துதான இருக்கு? தெரையில பச்சை எரியுது பாருங்க," என்றபடி பொறியாளர் ஞானதுரை ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

அவள் ஒரு சிப்பியின் சதையை விரலால் தொட்டாள். படக்கென்று மூட வேண்டியது அப்படியே கிடந்தது. மற்ற ஏழும் அப்படித்தான்.

"வீட்டுல மட்டிச் சிப்பி ஆக்குறப்ப, தொட்டும் மூடாம கெடக்குறத சட்டியில போடமாட்டோம் சார்."

"ஏன்?"

"செத்தது. மூடுறதுக்குத்தான் உசுரு வேணும். தொறந்து கெடக்குறதுக்கு வேண்டாம்."

ஞானதுரை டம்ளரைக் கீழே வைத்தார். செலஸ்தீனா அதற்குள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். காலையில் குழாயடியில் நின்று மகளின் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தவள் அவளேதான்.